தசைக்குப் போகும் ஆணை, தோலிலிருந்து வரும் சேதி

ஆனி ஆடியில் சாரல் கட்டிவிட்டால் குற்றாலம் பேரருவியில் தலையைக் கொடுக்க இடம் கிடைப்பதே பெரும்பாடு. இடித்துப் பிடித்து உள்ளே போனால் தண்ணீர் முதலில் உச்சந்தலையில் அறைகிறது. பிறகு பிடரி, தோள், முதுகு. மூச்சு ஒரு கணம் அடைத்துக்கொள்கிறது, உடம்பெல்லாம் புல்லரிக்கிறது, கால் விரல்கள் வழுக்குப் பாறையை இறுக்கிப் பிடிக்கின்றன. குளிப்பவர் இதில் எதையும் யோசித்துச் செய்யவில்லை. பிடரிக்குக் கீழே தோலில் பட்டதையெல்லாம் உள்ளே சொன்னவையும், தசைகளுக்கு ஆணை கொண்டுபோனவையும் முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடமும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் 31 ஜோடி நரம்புகளும்தான்.

அருவியிலிருந்து தென்காசியைத் தாண்டிப் போனால் ஆய்க்குடி வந்துவிடும். அங்கே அமர் சேவா சங்கத்தின் வளாகத்தில் இந்த வழி அறுபட்டவர்கள் பலர் மறுவாழ்வுப் பயிற்சிக்காக வந்து தங்குகிறார்கள். அவர்களைப் பார்க்க வரும் உறவினர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: திரும்ப நடப்பாரா? கேட்பதில் தப்பில்லை. ஆனால் தண்டுவட நரம்புகளைப் பற்றி அறிவியல் இருநூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருப்பதைப் படித்துப் பார்த்தால், அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு என்று தெரிகிறது. உணர்வு எதுவரை இருக்கிறது என்பதே அது. நடையை இழந்தவர் நெடுங்காலம் நன்றாக வாழலாம். உணர்வை இழந்த தோலைக் கவனிக்காமல் விட்டவர் அப்படி வாழ்வது கடினம்.

முதலில் அமைப்பு. கழுத்தில் 8 ஜோடி, மார்புப் பகுதியில் 12, இடுப்பில் 5, அதற்குக் கீழே திரிகப் பகுதியில் 5, வால் எலும்பருகே 1. ஒவ்வொரு நரம்பும் தண்டுவடத்தில் இரண்டு வேர்களாகத் தொடங்குகிறது. முன்வேர் தசைக்கு ஆணை கொண்டுபோகும். பின்வேர் தோல், தசை, மூட்டு ஆகியவற்றின் சேதியைக் கொண்டுவரும். தண்டுவடத்தை விட்டு வெளியே வந்ததும் இரண்டும் ஒன்றாகக் கட்டுண்டு ஒரே நரம்பாகிவிடுகின்றன. அதனால்தான் கையில் ஒரு நரம்பு வெட்டுப்பட்டால் விரல் மடங்காமலும் போகிறது, மரத்தும் போகிறது.

வேர்களுக்குள் இப்படி வேலைப் பிரிவினை இருப்பதைக் கண்டறிந்த பெருமைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சண்டையே நடந்தது. 1811இல் சார்லஸ் பெல் லண்டனில் ஒரு சிறு பிரசுரம் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். அதில் முன்வேரின் வேலையைத் தொட்டிருந்தார். 1822இல் பாரிஸில் பிரான்சுவா மஜெந்தி நாய்க்குட்டிகளில் வேர்களைத் தனித்தனியே வெட்டிப் பார்த்து, பின்வேர் உணர்வுக்கு, முன்வேர் அசைவுக்கு என்று தெளிவாக எழுதினார். இன்று பாடப்புத்தகங்கள் இருவர் பெயரையும் சேர்த்துப் போட்டுச் சமாதானம் செய்து வைத்திருக்கின்றன. என் கணக்கில் மஜெந்திக்கே பங்கு கூடுதல்.

இவர்களுக்கெல்லாம் முன்னோடி ரோமாபுரியில் வைத்தியம் பார்த்த காலென். அவரிடம் பௌசானியஸ் என்ற கல்விமான் வந்தார். சுண்டுவிரலும் மோதிரவிரலும் நடுவிரலில் பாதியும் உணர்விழந்திருந்தன. மற்ற வைத்தியர்கள் விரலுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தார்கள். காலென் விசாரித்தார், தேரிலிருந்து விழுந்து முதுகின் மேற்பகுதியில் அடிபட்டது தெரியவந்தது. மருந்தைக் கழுத்தடிக்கு மாற்றினார், விரல் தேறியது என்று எழுதி வைத்திருக்கிறார். மருந்து வேலை செய்ததா, தானே தேறியதா என்பது இருக்கட்டும். நோய் காட்டும் இடம் ஒன்று, நோய் இருக்கும் இடம் வேறு என்று அவர் பிடித்தாரே, அதுதான் இந்தத் துறையின் அஸ்திவாரம்.

எந்தத் தோல் எந்த நரம்புக்குச் சொந்தம் என்பதற்கு ஒரு வரைபடம் உண்டு. அது நம் ஊர்க்காரர்கள் பலர் கண்ணால் பார்த்த படம்தான். அக்கி வந்தவரின் விலாவைப் பாருங்கள். கொப்புளங்கள் முதுகெலும்பருகே தொடங்கி ஒரு பட்டையாக வளைந்து முன்பக்கம் வந்து, நடுக்கோட்டில் டக்கென்று நின்றுவிடும். மறுபக்கம் தாண்டுவது அரிது. சின்னம்மை வந்துபோன பிறகு அந்த வைரஸ் பின்வேரின் நரம்பு முடிச்சுக்குள் ஆண்டுக்கணக்கில் ஒளிந்திருந்து, உடல் தளரும்போது அந்த ஒரு நரம்பின் வழியாகவே தோலுக்கு வருகிறது. குயவர் வீட்டுக்குப் போய்க் காவி குழைத்து அக்கி எழுதிக்கொள்ளும் வழக்கம் தென்மாவட்டங்களில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை. அந்தக் காவிக்கோடு, தெரியாமலே, ஒரு தண்டுவட நரம்பின் எல்லையைத் தோலில் வரைந்து காட்டியது. லண்டனில் ஹென்றி ஹெட்டும் அவருடைய கூட்டாளி கேம்பெல்லும் 1900இல் வெளியிட்ட தோல் வரைபடத்துக்கு ஆதாரமாக இருந்தவர்கள் அக்கி நோயாளிகளே. (காவி அக்கியைத் தீர்க்காது. வைரஸுக்கான மாத்திரையைக் கொப்புளம் கண்ட மூன்று நாளுக்குள் தொடங்கினால் பலன் அதிகம். கண்ணருகே வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.)

அந்த வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அருவிக்குத் திரும்பினால் சுவையான ஒன்று புலப்படும். உச்சந்தலை இரண்டு ஆட்சிகளின் எல்லை. அதற்கு முன்னால் நெற்றியும் முகமும் மூளையிலிருந்தே நேராக வரும் முக்கிளை நரம்பின் வசம். பின்தலை கழுத்தின் இரண்டாவது நரம்பின் வசம். தோளின் மேற்புறம் நான்காவது, கட்டைவிரல் ஆறாவது, நடுவிரல் ஏழாவது, சுண்டுவிரல் எட்டாவது. மார்புக்காம்பின் மட்டம் மார்புப் பகுதியின் நான்காவது, தொப்புள் பத்தாவது. கால் பெருவிரல் இடுப்பின் ஐந்தாவது, சுண்டுவிரலும் பாதத்தின் வெளியோரமும் திரிகத்தின் முதலாவது. ஆசனவாயைச் சுற்றிய தோல் கடைசிச் சில நரம்புகளுக்கு. மனிதன் நாலுகாலில் குனிந்து நிற்பதாக நினைத்துப் பார்த்தால் இந்த ஒழுங்கு உடனே விளங்கும்: தலையிலிருந்து வால்வரை வரிசை தப்பாத பட்டைகள். அடுத்தடுத்த பட்டைகள் ஓரத்தில் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், ஒரே ஒரு வேர் போனால் முழுப் பட்டையும் மரத்துப்போகாது. இதைக் குரங்குகளில் வேர்களை வெட்டி நிறுவியவர் சார்லஸ் ஷெரிங்டன். 1932இல் எட்கர் ஏட்ரியனோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

சேதிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. மூட்டு எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்லும் தடித்த இழைகள் விநாடிக்கு 100 மீட்டர் அளவில் கடத்தும். எரிச்சலையும் மந்த வலியையும் கொண்டுவரும் மெல்லிய இழைகளின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் அளவுதான். கால் விரலைக் கல்லில் இடித்துக்கொண்டால் இடித்தது முதலில் தெரிந்து, ஒரு விநாடி கழித்து வலி வந்து உட்காருவது இதனால். போகும் பாதையும் வேறு. தொடு உணர்வு தண்டுவடத்தில் அதே பக்கமாக மேலே ஏறி மூளையின் அடியில்தான் பக்கம் மாறுகிறது; வலியும் வெப்பமும் தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே மறுபக்கம் தாவிவிடுகின்றன. அரிவாள் வெட்டில் தண்டுவடத்தின் வலப்பாதி மட்டும் அறுந்தவருக்கு வலக்கால் அசையாது. ஆனால் சூடு தெரியாமல் போவது இடக்காலில். மொரீசியஸில் பிறந்த பிரௌன் செக்கார் 1850 வாக்கில் இதை விளக்கினார். நாட்டு மருத்துவரானாலும் நரம்பு மருத்துவரானாலும், பஞ்சைக் கொண்டு தொட்டுப் பார்ப்பதோடு நிற்காமல் குண்டூசியால் குத்தியும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

இனித் தசை. தண்டுவடத்தின் முன்பகுதியில் உள்ள நரம்பணு ஒவ்வொன்றும் நீண்ட இழை ஒன்றை அனுப்பி ஒரு கொத்துத் தசைநார்களை ஆள்கிறது. கண்ணை அசைக்கும் தசையில் ஓரணுவுக்குப் பத்து நார் அளவு. கெண்டைக்காலில் ஆயிரத்துக்கும் மேல். இழையின் முனையில் அசிடைல்கோலின் என்ற பொருள் கசிகிறது, தசை சுருங்குகிறது. அணு செத்தால் தசை சூம்பும். போலியோ செய்தது இதைத்தான்: முன்பகுதி அணுக்களை மட்டும் தேடி அழித்தது. அதனால்தான் போலியோ வந்த கால் சூம்பினாலும் அதில் எறும்பு கடித்தால் தெரியும். தொழுநோயில் நரம்பின் உணர்விழைகளே முதலில் கெடும். கொல்லிமலையில் பிறந்து வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி விழுவதில்லை என்று காட்டினார். வலி தெரியாததால் சுட்டுக்கொண்டும் வெட்டிக்கொண்டும் அடிபட்ட இடத்திலேயே மறுபடி அடிபட்டும்தான் விரல்கள் போகின்றன. வலியை ஒரு காவல் என்று மருத்துவ உலகம் மதிக்கத் தொடங்கியதில் வேலூருக்குப் பெரும் பங்கு உண்டு.

இந்த வேறுபாட்டை ஒரே இடத்தில் பார்க்க ஆய்க்குடிக்குப் போகலாம். அவ்வூரைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் பொறியியல் மாணவராக இருந்தபோது பெங்களூரில் கடற்படை அதிகாரிக்கான தேர்வில் கலந்துகொண்டார். உடல்திறன் தேர்வில் விழுந்து கழுத்தில் தண்டுவடம் அடிபட்டது. கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. தமக்குச் சிகிச்சை தந்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே வைத்து, சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020இல் பத்மஸ்ரீ பெற்றார். பின்னாளில் அவரோடு வந்து சேர்ந்து சங்கத்தை வளர்த்தவர் எஸ். சங்கரராமன், பட்டயக் கணக்காளர், தசைச் சிதைவு நோயுடையவர். இருவரும் சக்கர நாற்காலியில். ஆனால் உடலுக்குள் நடந்தது நேரெதிர். தண்டுவடக் காயத்தில் தசை நன்றாக இருக்கும். ஆணை வரும் வழிதான் அறுந்திருக்கும். தசைச் சிதைவில் ஆணை சரியாக வரும். ஏற்றுச் செயல்படத் தசைக்குத்தான் வலு இருக்காது. இரண்டாவது வகையில் தோலின் உணர்வு அப்படியே இருக்கும். பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே நாற்காலி.

காயம் எந்த மட்டத்தில் என்பதைப் பொறுத்தே பிற்கால வாழ்க்கை அமைகிறது. உதரவிதானத்தை இயக்குவது கழுத்தின் 3, 4, 5ஆம் நரம்புகள். அதற்கு மேலே முழுதாக அறுந்தால் மூச்சுக்கே இயந்திரம் வேண்டும். ஐந்தாவது மிஞ்சினால் முழங்கை மடங்கும். ஆறாவது மிஞ்சினால் மணிக்கட்டு நிமிரும். இது வெளியாருக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். விரல்களை அசைக்கவே முடியாதவர் மணிக்கட்டை நிமிர்த்தும்போது தசைநாண்கள் இழுபட்டு விரல்கள் தாமே மடங்கும். அந்தப் பிடியைக் கொண்டு தம்ளரைத் தூக்கலாம், கரண்டி பிடிக்கலாம். இது தெரியாமல் வீட்டில் அக்கறையோடு விரல்களை இழுத்து இழுத்து நீட்டிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டை நிமிர்த்தியபடி விரல்களை நீட்டக் கூடாது என்று இயன்முறை மருத்துவர்கள் மன்றாடுவது இதற்காகத்தான். ஏழாவது இருந்தால் முழங்கை நீளும். கையை ஊன்றி உடலைத் தூக்கிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். ஒரே ஒரு நரம்பு கூடுதலாக இருப்பதில் இத்தனை வித்தியாசம்.

குடும்பங்களை அலைக்கழிக்கும் ஒன்றையும் சொல்ல வேண்டும். காயமாகிச் சில வாரம் துவண்டு கிடந்த கால்கள் பிறகு திடீரென உதறத் தொடங்கும், இழுத்துக்கொள்ளும். நரம்பு உயிர் வந்துவிட்டது என்று வீடே கொண்டாடும். உண்மை வேறு. முழங்காலில் சுத்தியலால் தட்டினால் கால் எழும்புகிறதே, அதற்கு மூளை தேவையில்லை. தசையிலிருந்து சேதி பின்வேர் வழியே தண்டுவடத்துக்குள் போய், முன்வேர் வழியே உடனே ஆணையாகத் திரும்புகிறது. காயத்துக்குக் கீழே இந்தச் சுற்றுவழி உயிரோடுதான் இருக்கிறது. மேலிருந்து அதை அடக்கி வைத்திருந்த மூளையின் பிடி போனதால் அது கட்டுப்பாடின்றி ஆடுகிறது. தானாக உதறுவது தேறுவதற்கு அடையாளம் ஆகாது. சொல்லும்போது விரல் அசைந்தால், அல்லது ஆசனவாய்த் தோலில் குண்டூசிக் குத்துத் தெரிந்தால், அதுதான் நம்பிக்கைக்கு இடம்.

அந்தக் கடைசிச் சோதனையைச் செய்யக் கூச்சப்பட்டுத் தவிர்ப்பது நம் பக்கம் நடக்கிறது. காயத்தை ஏ முதல் இ வரை வகைப்படுத்தும் உலக அளவிலான முறையில் ஒவ்வொரு பக்கமும் 10 தசைகளையும் 28 தோல் இடங்களையும் சோதித்து மதிப்பெண் இடுகிறார்கள். முழுக் காயமா, அரைகுறைக் காயமா என்று தீர்மானிப்பது அந்தக் கீழ்க்கோடி உணர்வும் அங்குள்ள தசையின் இறுக்கமுமே. தோலின் சேதியைக் கேட்காமல் தசையின் எதிர்காலத்தைச் சொல்ல முடியாது.

உணர்வில்லாத தோலுக்கு வரும் முதல் ஆபத்து படுக்கைப் புண். நாம் உட்கார்ந்திருக்கும்போது சில நிமிடத்துக்கு ஒருமுறை அறியாமலே ஒருக்களிக்கிறோம். பிட்டத்துத் தோல் இரத்தமின்றி நெருக்குண்டு அனுப்பும் முறையீட்டுக்கு உடல் தரும் பதில் அது. முறையீடு மேலே வராதபோது ஒருவர் அசையாமல் மூன்று மணி நேரம் உட்கார்ந்துவிடுகிறார், எலும்பு முட்டும் இடத்தில் சதை உள்ளுக்குள் செத்துவிடுகிறது. வெளியே தெரிவது ஒரு சிவப்புத் தடம் மட்டுமே. இரண்டாவது ஆபத்து சிறுநீர்ப்பை. நிறைந்தது தெரியாது, வெளியேற்றவும் முடியாது. தேங்கிய சிறுநீர் கிருமி பிடித்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். முதல் உலகப்போரில் தண்டுவடம் அடிபட்ட வீரர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டால்தான் இறந்தார்கள். 1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டிவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் செய்த புரட்சியில் புது மருந்தோ புது அறுவையோ பெரிதாக இல்லை. இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப் படுக்கவைத்தார், சிறுநீரைச் சுத்தமாக எடுக்கவைத்தார், பிறகு கையில் வில்லையும் அம்பையும் கொடுத்தார். 1948இல் அங்கே நடந்த போட்டிகள்தான் பாராலிம்பிக்ஸுக்கு வித்து. வேலூரில் இதே வழியைக் கொண்டுவந்தவர் மேரி வர்கீஸ். 1954 கார் விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு சக்கர நாற்காலியிலிருந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் அங்கே மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டதில் முதன்மைப் பங்கு அவருடையது.

மூன்றாவது ஆபத்தை ஊர் மருத்துவமனைகளிலேயே சிலர் தவறவிடுகிறார்கள். மார்பின் ஆறாம் நரம்புக்கு மேலே அடிபட்டவருக்குச் சிறுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால் வயிற்றில் வலி தெரியாது. ஆனால் அறுபட்ட இடத்துக்குக் கீழே உடல் அலறிக்கொண்டிருக்கும்: இரத்த அழுத்தம் எகிறும், தலை வெடிக்கும், முகம் சிவந்து வியர்த்துக் கொட்டும். மாத்திரை தேடும் முன் அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தென்காசிப் பக்கத்துச் சித்திரை வெயிலில் இவர்களுக்குக் கீழுடம்பு வியர்க்காது என்பதையும் வீட்டார் நினைவில் வைத்தால் நல்லது. ஈரத்துணிதான் அவர்களுக்கு வியர்வை.

குற்றாலத்து எண்ணெய்க் குளியலுக்கும் மசாஜுக்கும் வருவோம். உடம்பு வலி அருவியில் போய்விட்டது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. தடித்த இழைகளின் தொடு உணர்வு வெள்ளமாய் வந்தால், மெல்லிய இழைகளின் வலிச்சேதி தண்டுவடத்தின் வாசலிலேயே தடைபடும் என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு ஆய்வாளர்கள் சொன்னார்கள். விவரங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும் அடிப்படைக் கருத்து நிற்கிறது. அருவி வலியைக் கொஞ்ச நேரம் கேட்கவிடாமல் செய்கிறது. பிதுங்கிய டிஸ்க்கை அது உள்ளே தள்ளாது. தசைப்பிடிப்புக்கு எண்ணெய் தேய்ப்பதில் கேடில்லை. ஆனால் மசாஜின் முடிவில் கழுத்தைப் பிடித்துச் சொடுக்கி நெட்டி எடுப்பதை அடியோடு விட்டுவிட வேண்டும். கழுத்தெலும்பின் துளைகளுக்குள் மூளைக்குப் போகும் தமனிகள் ஓடுகின்றன. அவை கிழிந்தால் பக்கவாதம். வர்ம மரபைப் பொதிகையோடும் அகத்தியரோடும் சேர்த்துப் பேசும் ஊர் இது. அந்த மரபின் ஆசான்களே கழுத்தைத் தொடத் தயங்குவார்கள்; போகிற போக்கில் சொடுக்குபவருக்கு அந்தத் தயக்கம் இருப்பதில்லை.

பனையிலிருந்தும் தென்னையிலிருந்தும் விழுவது, இருசக்கர வாகன விபத்து, ஆழம் தெரியாத கிணற்றில் தலைகுப்புறப் பாய்வது: தென்மாவட்டங்களில் தண்டுவடம் அடிபடும் வழிகள் தெரிந்தவையே. விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கி உட்காரவைப்பதில் சிலருக்கு மிச்சமிருந்த நரம்பும் போய்விடுகிறது. 108 வரும்வரை தலையும் கழுத்தும் உடலும் ஒரே நேர்க்கோட்டில் அசையாமல் இருக்கட்டும். தண்ணீர் கொடுக்கத் தலையைத் தூக்க வேண்டாம்.

அறுந்த தண்டுவடம் ஒட்டுமா? கை கால்களில் ஓடும் நரம்பு வெட்டுப்பட்டால் நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் வளரும். தண்டுவடத்துக்குள் அந்த வளர்ச்சி இல்லை. சுவிட்சர்லாந்தின் லோசானில் மின்முனைகளைத் தண்டுவடத்தின் மேல் பதித்து, செயலிழந்த சிலரை ஊன்றுகோலோடு நடக்கவைத்த ஆய்வுகள் 2018 முதல் வந்துகொண்டிருக்கின்றன. உண்மையான முன்னேற்றம், ஆனால் இன்னும் ஆய்வுக்கூடத்துக்கு உரியது. ஸ்டெம் செல் ஊசி போட்டால் நடந்துவிடலாம் என்று நிலத்தை விற்கவைப்பவர்கள் வேறு ரகம். முறையான மருத்துவ ஆய்வுக்கு வெளியே இத்தகைய சிகிச்சையைப் பணம் வாங்கிக்கொண்டு தரக் கூடாது என்பதே 2017ஆம் ஆண்டு தேசிய வழிகாட்டு நெறிகளின் நிலை. அந்தப் பணத்தில் நல்ல மெத்தையும் உடம்புக்கு அளவெடுத்த சக்கர நாற்காலியும் சாய்தளமும் வாங்கலாம். அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருகிறார், கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

காயமே படாதவர்களுக்கும் இதில் ஒரு சேதி உண்டு. வளர்ந்தவர்களுக்குத் தண்டுவடம் இடுப்பின் முதல் இரண்டு எலும்புகளோடு முடிந்து, அதற்குக் கீழே வேர்கள் குதிரைவால்போலத் தொங்குகின்றன. குறுக்கு வலிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஓய்வும் நடையும் உடற்பயிற்சியும் போதும். கால் பெருவிரலைத் தூக்க முடியாவிட்டாலோ, முன்பாதத்தில் ஊன்றி நிற்க முடியாவிட்டாலோ ஒரு வேர் நசுங்குகிறது என்று பொருள். மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆனால் குறுக்கு வலியோடு, சைக்கிள் சீட்டில் படும் பகுதி மரத்துப்போய், சிறுநீர் கழிப்பதில் தடையோ கட்டுப்பாடின்மையோ வந்தால், குதிரைவால் மொத்தமும் நசுங்குகிறது. அப்போது அருவியும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். அன்றைக்கே எம்.ஆர்.ஐ. எடுத்து அறுவை சிகிச்சை செய்யும் வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.